நாவலுக்கு வேண்டிய தனிமை

செல்வமும் தனிமையும் நொறுங்கிய கனவும் கூடினால்தான் மகத்தான நாவல் பிறக்கும். இதை நம்பிய சிமெண்ட் வியாபாரி தாண்டவராயன் நாலு மாடி வீடு கட்டி, மனைவியை மகள் வீட்டுக்கு அனுப்பி, வேலையாட்களையும் நிறுத்திவிட்டு எழுத உட்கார்ந்தார். மூன்று மாதமாக முதல் வரி நகரவில்லை. இன்று அவர் ஏறிய லிஃப்டும் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

“பயப்படாதீங்க சார்,” என்றாள் ஸ்பீக்கர் வழியே லிஃப்ட் கம்பெனிப் பெண். “எங்க ஆள் வர மூணு மணி நேரமாகும். வீட்ல யாராச்சும் இருந்தா மெயினை ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லுங்க.”

“நான் தனிமையில இருக்கேன்மா. நாவல் எழுதுறேன்.”

“சரிங்க சார். அவசரத்துக்குன்னு ஒருத்தர் நம்பர் குடுத்திருக்கீங்களே, அவரைக் கூப்பிடுறேன்.”

தாண்டவராயனின் சட்டைப்பையில் செல்பேசி அடித்தது.