நாக்கில் தொங்கும் பாறை

உலகத்து எண்ணெய்க் கிணறுகளில் பாதியை என் நாக்குதான் கண்டுபிடித்தது; மீதிப் பாதியின்போது எனக்கு ஜலதோஷம். "அளந்து விடாதீங்க அத்தான்" என்கிறான் மைத்துனன். நான் ஓய்வு பெற்றபின் துறைத்தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன். "பெட்ரோலிய வாத்தியாருக்கு அளக்கிறதுதானேடா வேலை!" என்கிறேன். ஆய்வக மேசையில், ஜன்னல் வெயிலில், இரட்டைப் பிள்ளைகள் போல இரண்டு பாறைத் துண்டுகள், கழுவிக் காயவைத்தவை. எண்ணெய் தங்கும் நுண்துளைகள் எதில் அதிகம் என்பது மைத்துனனுக்கு மட்டும் தெரியும். இயந்திரத்தில் பார்த்து வைத்திருக்கிறான்; நான் நாக்கால் மட்டுமே கண்டுபிடிக்க வேண்டும். நான் தோற்றால் இனி மாணவர்கள் முன்னால் வாயைத் திறக்கக் கூடாதாம். அதற்கு மூச்சை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சுற்றி நிற்கும் மாணவிகளில் ஒருத்தி களுக்கென்று சிரிக்கிறாள். முதல் கல்லில் நாக்கை வைக்கிறேன், வழுக்குகிறது. இரண்டாவது, எச்சிலை மடமடவென்று உறிஞ்சிக்கொண்டு, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது. கையை எடுத்துவிடுகிறேன். கல் நாக்கிலேயே தொங்குகிறது. பேச வழியில்லை, மார்பை நிமிர்த்தி, விரலால் அதைச் சுட்டிக்காட்டுகிறேன். மைத்துனனின் காது மடல்கள் சிவக்கின்றன. என்னைப் பார்க்காமல் மாணவர்களிடம் சொல்கிறான்: "மெஷின் சொன்னதும் அதே கல்லுதாம்ப்பா."