தராசில் நான்கு பேனாக்கள்

பித்தளைப் பேனா இந்த முறையும் நிற்கவில்லை.

அவளுடைய வலது கைக் கட்டைவிரல் மடிப்பில் ஒரு நொடி சாய்ந்து கிடந்தது. பிறகு தாளில் கோணலாக ஒரு கோட்டை இழுத்துவிட்டுப் பின்பக்கமாகச் சரிந்தது.

மூடியைப் பின்னால் மாட்டியதுதான் தப்பு, வால் கனத்துவிட்டது என்றார் சபாபதி. அவள் கணவர். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் அளந்து பார்த்தால் சரிசெய்துவிடலாம் என்று இன்னமும் நம்புகிற மனிதர்.

கத்திரிக்காய் நிறுக்கிற தராசைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்திருந்தார். அவளுடைய நான்கு பேனாக்களையும் நிறுத்து, கனம் வாரியாக அடுக்கியிருந்தார்.

அவளுக்குத் தராசு தேவைப்பட்டதே இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே சொல்லிவிடுவாள். கறுப்பு எபோனைட், கெட்டி ரப்பரில் செய்தது, எடுத்த உடனே கைச்சூட்டுக்கு வந்துவிடும். ஜெர்மன் பேனாவுக்குக் கனமெல்லாம் முன்பக்கம்; அதுவாகவே தாளைப் பார்த்துக் குனியும். பித்தளை, கையெழுத்துப் போட மட்டும். ஜப்பான் பேனா ஒல்லி. பக்கம் பக்கமாக எழுத அதுதான்.

பக்கவாதம் வந்த பிறகு வலது கைக்கு நான்கும் ஒன்றுதான்.

கனமானது சரிந்தது. லேசானது, பிடித்திருப்பதே தெரியாமல் நழுவியது.

காலையில் தங்கை மகள் நிரஞ்சனாவுக்குப் போன் செய்து, சாயங்காலம் வந்து நான்கையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டாள். எழுதாமல் கிடந்து மை காய்வதைப் பார்க்க அவளால் முடியாது.

சொல்லிவிட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவைத்து அழுதாள்.

சபாபதிக்குக் கேட்டது. அதனால்தான் தராசு.

எபோனைட் விழுந்தது. ஜெர்மன் விழுந்தது.

போதும் என்று அவள் தாளைத் தள்ளினாள். இன்னும் ஒன்று பாக்கி என்றார். விடாக்கண்டர். ஜப்பான் பேனாவின் மூடியைத் திருகிக் கழற்றி, அவளுடைய வலது விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, நடுவில் செருகினார்.

அது நழுவி மேசையில் விழுந்து உருண்டது.

விளிம்பைத் தாண்டியது.

பிடித்துவிட்டாள்.

இடது கை.

இருவரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். பேனா அதில் சும்மா அகப்பட்டிருக்கவில்லை. நடுவிரல் அடியில் தாங்கியிருந்தது. ஆட்காட்டி விரல் மேலே படிந்திருந்தது. முள் கீழே பார்த்தது.

ஐந்து வயதில் அந்தக் கையை அம்மா பாவாடை நாடாவோடு சேர்த்துக் கட்டிவைப்பாள். வீட்டுப்பாடம் முடிந்த பிறகுதான் அவிழ்ப்பாள். நல்ல பெண்ணாக வலது கைக்கு மாறியாயிற்று. மாறியதே மறந்துபோயிற்று. அதன் பிறகு இடது கைக்குக் கிடைத்ததெல்லாம் எடுபிடி வேலை. காயைப் பிடித்துக்கொள்வது, குடத்தைத் தாங்குவது.

சபாபதியிடம் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டாள்.

தாளை இழுத்துக்கொண்டாள். கை அதைத் தனக்கு வேண்டியபடி சாய்த்துக்கொண்டது.

முள் கீறியது. வலது கையில் இழுத்தே பழகிய முள்ளை இடது கையால் தள்ள வேண்டியிருந்தது. முதல் எழுத்து, பாலர் வகுப்புப் பிள்ளையின் எழுத்து. அடுத்தது அதைவிட மோசம்.

ஆனால் பேனா விழவில்லை.

எழுதியதன் மேலேயே கை நகர்ந்ததில் ஈர மை இழுபட்டு, உள்ளங்கையின் ஓரமெல்லாம் நீலம். சபாபதி துடைக்கத் துணி எடுத்துவந்தார். அவள் கையைக் கொடுக்கவில்லை. சந்தோஷத்தில் அவளுக்குக் காது அடைத்தது.

வாசலில் மணி அடித்ததை அவர்தான் சொன்னார். நிரஞ்சனா வந்துவிட்டாள், என்ன சொல்லட்டும் என்று தயங்கி நின்றார்.

"அடை சாப்ட்டுட்டுப் போகச் சொல்லுங்க."

அவள் நிமிரவில்லை. இரண்டாவது வரியில் இருந்தாள்.