இடுப்பில் செருகக் கூடாத துப்பாக்கி

நாற்பத்தோரு மணி நேரமாக, பெயின்ட் அடிக்கும் மெக்சிகோக்காரன் ஒருவன் போலீஸ் காவலில் இருந்தான். அமெரிக்காவின் பேர்லேண்ட் ஊரில் மளிகைக் கடை வாசலில் சேதுராமனை வழிமறித்துச் சுட்டவன் என்று, சேதுராமன் சொன்ன அடையாளத்தை வைத்துப் பிடித்திருந்தார்கள்.

தொடையில் கட்டோடு சோபாவில் சாய்ந்தபடி, பார்க்க வந்த நல்லசிவத்திடம் சேதுராமன் கதையை ஆறாவது முறையாகச் சொன்னான். அவன் மனைவி தமயந்தி காபி கொண்டுவந்து வைத்தாள்.

"உங்கிட்டயும் துப்பாக்கி இருந்துச்சே தம்பி?"

"எடுக்கறதுக்குள்ள சுட்டுட்டான்ணே."

துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் போகிற நல்லசிவம் சிரித்தார். "அது போட்டிக்குன்னே செய்யற பிராண்டுப்பா. நீளம், கனம், சட்டுனு உருவ வராது. ட்ரிகர் வேற, லேசா பட்டாலே வெடிச்சிடும். யாரும் அதை இடுப்புல செருகிட்டுத் திரிய மாட்டாங்க."

"வாங்க வசதியில்லாதவங்க அப்படித்தான் சொல்வாங்க."

போன் அடித்தது. தமயந்தி எடுத்தாள். போலீஸ்.

"அடையாளம் காட்ட எப்ப வரணும்னு கேளு," என்றான் சேதுராமன். "அந்த மூஞ்சி மறக்குமா?"

கணவனின் முகத்தைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ரிசீவரை இறுகப் பிடித்துக்கொண்டு, ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"யாரும் வழிமறிக்கவில்லை. காரில் உட்காரும்போது அவர் இடுப்பிலிருந்த துப்பாக்கிதான் வெடித்தது. நான் பக்கத்து சீட்டில் இருந்தேன்."