மௌனசாமிக்கு மூன்று நிமிடம்

"உட்காருங்கய்யா! பாலத்தைப் பத்தி எனக்கே பாடம் எடுக்க வந்துட்டீங்களா?"

மேசையைத் தட்டிக் கத்தினார் நூலகர் அம்மா. எதிரே நின்ற உறுப்பினர் கையிலிருந்த தாள்களை இறக்கினார்.

"அம்மா, அமைச்சர் நிஜமாவே இப்படிக் கத்துவாரா?"

"இதுக்கு மேலயும் கத்தலாம். எதுக்கும் தயாரா இருக்கணும்ல?"

சட்டமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது அந்த நூலகம். அவையில் பேசத் திணறுகிறவர்களுக்குத் தகவல் திரட்டிக் கொடுத்து, ஒத்திகையும் பார்த்து அனுப்புவது அம்மாவின் வேலை. இந்த உறுப்பினரோ பழைய லாரி ஓட்டுநர். சாலையில் ஹாரனே தேவைப்படாத குரல். ஜெயித்து வந்து இரண்டு வருடமாகியும் அவையில் வாய் திறந்ததில்லை. சக உறுப்பினர்கள் 'மௌனசாமி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். போன வாரக் குலுக்கலில் அவர் பெயர் விழுந்து, இன்று பேச மூன்று நிமிடம் கிடைத்திருந்தது.

"பாலம் கட்டி முடிச்சு ஒன்பது மாசம் ஆச்சும்மா. திறக்க அமைச்சர் தேதி கொடுக்கலைன்னு பூட்டியே கிடக்கு. பிரசவத்துக்குப் போற பொண்ணுங்க இன்னும் படகுலதான் போறாங்க. இன்னிக்கும் நான் வாய் திறக்கலைன்னா ஊர்ப் பக்கம் தலைகாட்ட முடியாது."

"அப்புறம் எதுக்கு இந்த எட்டுப் பக்கம்? தூக்கிப் போடுங்க. இப்போ என்கிட்ட சொன்னதை அப்படியே அங்கே சொல்லுங்க. கடைசியில ஒரே கேள்வி, என்னிக்குத் திறப்பீங்க?"

மதியம் அவர் எழுந்தார். முதல் வரியிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்புறம் படகு, பிரசவம், பூட்டு என்று எல்லாம் மடமடவென்று வந்து விழுந்தன. கேள்வியைப் போட்டுவிட்டு, இடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அமைச்சர் எழுந்தார். "வருகிற திங்கட்கிழமை திறந்துவிடுகிறோம்" என்று தடுமாறிச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அவை கலைந்ததும் இரண்டிரண்டு படியாகத் தாவி நூலகத்துக்கு ஓடிவந்தார் உறுப்பினர். நெஞ்சிலிருந்து ஒரு லாரிப் பாரம் இறங்கியிருந்தது.

"அம்மா, திங்கட்கிழமையாம்! நீங்க என்னமோ புலின்னு பயமுறுத்தினீங்க. மனுஷன் எனக்கு மேல நடுங்கினாரே!"

"நடுங்காம என்ன பண்ணுவார்?" என்றார் அம்மா, புத்தகங்களை அடுக்கியபடியே. "நேத்து அவர் ஒத்திகைக்கு வந்தப்போ, உங்க வேஷம் கட்டி நான் கத்தின கத்துல, இங்கேயிருந்தே போன் போட்டுத் தேதி குறிச்சுட்டுத்தான் போனார்!"