சர்க்கரைவள்ளிச் சமாதானம்

சர்க்கரைவள்ளிக்கிழங்கு இவ்வளவு பிடிவாதம் பிடிக்கும் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. கத்தி பாதி இறங்கி நின்றுவிட்டது. தூக்கினால் கிழங்கும் கூடவே வந்தது.

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே என் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை என் அக்கா வந்துபோனதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மேசைக்கு வருகிறது, சட்டை தேய்த்துத் தொங்குகிறது, பேச்சு மட்டும் கிடையாது.

அக்கா முன்னால் நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். அதை எழுத இப்போது கை கூசுகிறது. சொன்னபோது வாய் கூசவில்லை.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அது முடியாமல் ஒரு கிலோ கிழங்கு வாங்கி வந்தேன்.

ஹோட்டலுக்குப் போனால் அவள் முதலில் கேட்பது சர்க்கரைவள்ளி ஃப்ரைஸ்தான். என் கை நீண்டால் தட்டை நகர்த்திக்கொள்வாள். அதை நானே செய்து நீட்டினால் மனசு இளகி ஒரு வார்த்தையாவது பேசிவிடுவாள் என்பது என் கணக்கு.

'விரல் கனத்துக்கு வெட்டவும்' என்றார் வீடியோவில் வந்த அம்மணி. எந்த விரல் என்று சொல்லவில்லை. ஐந்து விரல் கனத்திலும் வெட்டி வைத்தேன்.

எண்ணெய், உப்பு, மிளகுத்தூள், சோள மாவு எல்லாம் போட்டுப் பிசிறினேன். மாவில் பாதி என் சட்டைக்குப் போனது.

அடுத்து ஓவன். வாங்கிய நாளிலிருந்து அதன் தலையில் வண்டிச் சாவியை வைத்திருக்கிறேனே தவிர, எந்தக் குமிழை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று பார்த்ததில்லை. எல்லாவற்றையும் திருகினேன். ஏதோ ஒன்றில் விளக்கு எரிந்தது.

தட்டு உள்ளே போனதும் வீடியோவை அணைத்துவிட்டு ஹாலுக்கு வந்து சோபாவில் சாய்ந்தேன். ஊருக்கே சமைத்துப் போட்ட களைப்பு. டிவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

நடுவில் படுக்கையறைக் கதவு திறந்தது. அவள் சமையலறைக்குப் போனாள். டம்ளர் சத்தம் கேட்டது.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் மோப்பம் பிடிக்க வந்திருக்கிறாள் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். நல்ல தாகம் போலிருக்கிறது, சாவகாசமாகத்தான் திரும்பிப் போனாள்.

ஓவன் மணி அடித்தது. திறந்தால், என் கண்ணையே நம்ப முடியவில்லை. ஒன்றுகூடக் கருகவில்லை. எல்லாம் பொன்னிறமாக, தொட்டால் மொறுமொறுவென்று இருந்தன. இவ்வளவு நாளும் என் கைப்பக்குவம் வெளியே தெரியாமல் போயிற்றே என்று எனக்கே வருத்தமாக இருந்தது.

தட்டில் அடுக்கினேன். 'முதல் முயற்சியிலேயே வெற்றி!' என்று அம்மணிக்கு எழுதிப் போடலாமே என்று வீடியோவைத் திறந்தேன். அது விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கியது.

பாதி வெந்ததும் தட்டை வெளியே எடுத்து, ஒவ்வொரு துண்டாகத் திருப்பிப் போட வேண்டுமாம். இல்லையென்றால் அடிப்பக்கம் கருகி, மேல்பக்கம் சொதசொதவென்று ஆகிவிடுமாம்.

ஒரு துண்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். இன்னொன்றை எடுத்தேன். கட்டைவிரல் கனம், சுண்டுவிரல் கனம், எல்லாமே இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் சிவந்திருந்தன.

எனக்கு வெட்கமாக இருந்தது. தட்டோடு படுக்கையறைக்குப் போனேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து என் பனியன்களை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீயா திருப்பிப் போட்ட?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டி ஒன்றை எடுத்துக் கடித்தாள். மென்று விழுங்கிவிட்டு, கோபமே இல்லாத குரலில் பேசினாள்.

"ஆமா. வீட்டுல சும்மாதானே இருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை, அவள் இப்போது என்ன செய்கிறாள் என்று அக்கா கேட்டபோது, அவளை வைத்துக்கொண்டே நான் சொன்ன பதில் அது.