அகப்பை தட்டிய பானை

ஒரு சமையற்கட்டுக்குப் புதுப் பானை ஒன்று வந்து சேர்ந்தது. அதன் அடியில் மயிரிழை போல ஒரு விரிசல். சந்தைக் கூட்ட அவசரத்தில் யாரும் தட்டிப் பார்த்து வாங்கவில்லை. விஷயம் தெரிந்தால் குப்பைமேடுதான் என்று பானை நடுங்கிக்கொண்டே இருந்தது.

ஆணியில் தொங்கிய அகப்பையோ, "மகாலட்சுமி! உன்கிட்ட ஒரு குறை சொல்ல முடியுமா? நாளைக்குப் பொங்கல் பானை நீதான்" என்று பூரித்துப்போனது. அடுப்பில் ஏறினால் பால் பொங்கும் முன்பே வெடித்துவிடுவோமே என்று பானைக்குக் கவலை வந்தது.

அலமாரிக் காலுக்கு முட்டுக்கொடுத்திருந்த ஆங்கில அகராதியிடம் அது மெல்லக் கேட்டது. "ஐயா, இந்த அக்கா செய்றதுக்கு என்ன பேரு?"

"ஐடியலைஸ்னு சொல்லுவாங்கம்மா. ஒருத்தரைத் துளிக் குறையும் இல்லாதவங்களாப் பார்க்கிறது."

"அந்தச் சொல் எங்கேருந்து வந்துச்சு?"

"வேரைத் தேடிப்போனா கிரேக்கத்துல போய் நிக்கும். அங்கே அதுக்குப் பார்க்கிறதுன்னுதான் அர்த்தம். வெறுமனே பார்க்கிறது."

பானை சாமியை வேண்டிக்கொண்டது. "அக்கா, ஒரே ஒரு தடவை என்னைத் தட்டிப் பாருங்களேன்."

"உன்னையா? எதுக்கு?" என்று சிரித்துக்கொண்டே அகப்பை சாய்ந்து தட்டியது. கணீரென்று கேட்க வேண்டியது, டொப்பென்று கேட்டது.

அடுப்பு மெழுகிக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா திரும்பினாள். பானையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு அதில் புளியைப் போட்டு மூலையில் வைத்தாள்.

அகப்பை மூலைப் பக்கம் திரும்பிப் பானையைப் பார்த்தது.

"அடி இவளே," என்றது, "வந்த நாளா வலிக்கலையாடி உனக்கு?"