பதினெட்டு வருடத்துக் குரல்

"அழாதீங்க குயிலம்மா, அழாதீங்க! அழுறதுக்கு ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க!"

மைக் பொத்தானை அழுத்திக்கொண்டு கத்தினார் இயக்குநர். டப்பிங் அறையிலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் ஸ்பீக்கரில் வந்தது.

இரண்டு அறைகளுக்கும் நடுவே கண்ணாடி. அதை மறைத்துக் கறுப்புத் திரைச்சீலை. பேசுகிறவரின் முகத்தைப் பார்த்துவிட்டால் குரலை ஒழுங்காக எடைபோட முடியாது என்பது இயக்குநரின் கட்சி. ஆள் உள்ளே போய்விட்டார், திரைச்சீலையையும் இழுத்து மூடிவிட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் ஸ்டூடியோவுக்குள் காலெடுத்து வைப்பார். முப்பது வருடப் பழக்கம். யார் சொன்னாலும் மாற்றிக்கொள்ள மாட்டார்.

"திரும்பவும் சொல்றேன். முதல் பாகத்துல இவளும் அவனும் சண்டை போட்டுப் பிரிஞ்சாங்க. பதினெட்டு வருஷம் கழிச்சு ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட்ல பாத்துக்கிறாங்க. ஏழு மாடி வரைக்கும் ஒரு வார்த்தை கிடையாது. எட்டாவது மாடியில கதவு திறக்கும்போது இவ கேக்குறா, 'நல்லா இருக்கியா?' அந்த ஒத்தை வரியிலதான் என் படமே நிக்குது. புரியுதா?"

"புரியுது சார்," என்றது ஸ்பீக்கர்.

சுவரில் இருந்த பெரிய திரையில் கதாநாயகி மெல்ல நிமிர்ந்தாள். 'நல்லா இருக்கியா?'

"இல்ல. இது முதல் பாகத்துல பேசின காலேஜ் பொண்ணு. இவளுக்கு நாப்பது வயசு."

ஏசி ஓடுகிற அறையில் ஒலிப்பதிவாளர் நெற்றி வியர்வையைத் துடைத்தார். "சார், தொண்டை கொஞ்சம் சரியில்லையாம். ஒரு பத்து நிமிஷம் விட்டா..."

"பத்து நிமிஷமாவது, ஒண்ணாவது! புரொடியூசர் ஒரு புதுப் பொண்ணைக் கூட்டிட்டு வந்து ரிசப்ஷன்ல உக்கார வச்சிருக்கார். ஒரு மணிக்குள்ள இது அமையலைன்னா முழுப் படமும் அந்தப் பொண்ணு குரல்தான். குயிலம்மா, கேக்குதா? முதல் பாகம் ஓடுனதுல பாதி உங்க குரல். அதை இன்னொருத்தர்கிட்ட தூக்கிக் குடுக்க எனக்கு மனசு வரலை."

ஸ்பீக்கரில் இருமல் சத்தம்தான் வந்தது.

இயக்குநர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு ஒலிப்பதிவாளரிடம் புலம்ப ஆரம்பித்தார். "இதுல நம்ம ஹீரோயினம்மா வேற, இந்தத் தடவை சொந்தக் குரல்ல பேசுவேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாங்க. முதல் படத்துல மொழியே தெரியாது. வசனத்துக்குப் பதிலா ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிட்டுப் போனவங்க. இப்பவும் செட்ல வாய்க்குள்ளயே ஏதோ முணுமுணுக்கிறாங்க, பக்கத்துல நிக்கிறவனுக்குக்கூடக் கேக்காது. முகம் தங்கம்யா, இல்லேங்கல. குரல்? அன்னைக்கு அஞ்சு நிமிஷம் கேட்டேன். தகர டப்பா!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஒலிப்பதிவாளர் சிரிக்கவில்லை.

"சார்... முழங்கை."

இயக்குநரின் முழங்கைக்குக் கீழே மைக் பொத்தான் அழுந்திக் கிடந்தது. பேசியது அத்தனையும் உள்ளே போயிருக்கிறது.

"போனாப் போகட்டும். குயிலம்மாவுக்குத் தெரியாத கதையா இது?" என்று கையை உதறினார்.

ஸ்பீக்கரில் தொண்டையைச் செருமும் சத்தம்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? இவ எதுக்கு சார் கலங்கணும்?"

"பின்ன? பழைய காதலனைப் பாக்குறாளே!"

"பாக்கட்டுமே. பதினெட்டு வருஷம் அவன் இல்லாமலே வாழ்ந்து காட்டிட்டா. உன்னால முடியாதுன்னு சொன்னவன் முன்னாடி இன்னைக்குத் தலை நிமிர்ந்து நிக்கிறா. அவனை விசாரிக்கிற அந்த ஒரு வரியிலயே 'நான் நல்லா இருக்கேன்'னு தெரிய வேண்டாமா?"

இயக்குநர் வசனத் தாளைப் புரட்டிப் பார்த்தார். இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியவருக்கு இது தோன்றவே இல்லை.

"பேசுங்க," என்றார், குரல் இறங்கி.

லிஃப்ட் கதவு திறந்தது. கதாநாயகி நிமிர்ந்தாள்.

'நல்லா இருக்கியா?'

அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை. ஜெயித்துவிட்டு வந்தவள் தோற்றவனைப் பிரியமாக விசாரிக்கிற குரல். முடிவில் மட்டும் பட்டும் படாமல் ஒரு சிரிப்பு. படம் அப்படியே நின்றது. அழாதீர்கள் என்று ஊரைக் கூட்டிய மனிதர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஓகே! இதுதான்! இதுல யாரும் கைவைக்கக் கூடாது!" துள்ளி எழுந்து போனை எடுத்தார். "புரொடியூசர் சார், குரல் கிடைச்சாச்சு. அந்தப் பொண்ணை வீட்டுக்கு அனுப்பிடுங்க. முழுப் படமும் இவங்கதான் பேசுறாங்க. எழுதி வேணும்னாலும் தரேன்!"

போனை வைத்ததும் மைக்கில் பாய்ந்தார். "குயிலம்மா, அசத்திட்டீங்க! உங்களை விட்டா அந்த அம்மாவுக்குப் பேச உலகத்துலயே ஆள் கிடையாது!"

"ஐயோ, நான் இப்பதானே சார் வரேன்."

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. வாசல் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, கையில் பிளாஸ்க்கோடு குயிலம்மா நின்றிருந்தாள்.

"சுடுதண்ணி வாங்கப் போயிருந்தேன் சார். பாவம், உள்ள அவங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கு. ரெண்டு வருஷமா தினம் எங்க வீட்டுக்கு வந்து என்னை மாதிரியே பேசிப் பழகினவங்க, இதுகூடச் செய்யலைன்னா எப்படி?"

ஒலிப்பதிவாளர் எழுந்து போய்த் திரைச்சீலையை விலக்கினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிவிட்டுக்கொண்டு, துளி மேக்கப் இல்லாமல், பெரிய திரையில் உறைந்து நின்ற அதே முகம் இயக்குநரைப் பார்த்துச் சிரித்தது.